சர்க்கரை நீங்கிய பின்னும் தொடர்ந்த ஊசி

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்த நாள்முதல் அந்நோயை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அவளைக் கேட்டு எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் படித்தவன் நான் ஒருவனே என்ற எண்ணத்தால் எடுத்துக்கொண்டேன். படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆங்கிலமும் மற்றவையும் கிளை நூலகத்தில் நானே அகராதியை வைத்துக்கொண்டு தேடிக் கற்றவை. அவ்வாறு கற்றவனுக்குத் தான் அறிந்ததைப் பிறர் மதிக்க வேண்டும் என்னும் ஏக்கம் எளிதில் தணிவதில்லை. எனக்கும் தணியவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் பரிசோதகனாக இருந்தேன். துளையிட்டு வரும் இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்து, சரியானவற்றை ஒரு தட்டிலும், பிழையானவற்றில் சிவப்புச் சாயம் தடவி வேறொரு தட்டிலும் வைப்பது என் பணி. குடியிருப்பு ஏரிக்கரைப் பக்கம், இரண்டறை கொண்ட ஒரு போர்ஷன். பிள்ளைகள் இல்லை. என் மனைவி நல்ல பருமனான உடல்வாகு உடையவள். அதைப்பற்றி அவள் வருந்தியதில்லை. ஆவடி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் தன்னைப் பார்த்து, "ரெண்டு டிக்கெட்டா கிழிக்கவாம்மா?" என்று கேட்டதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள்.

நோய் தெரிந்து ஈராண்டுக்குள் மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்துவிட்டோம். அக்காலத்தில் வீட்டில் இரத்தத்தைச் சோதிக்கும் கருவி எங்களைப் போன்றோர் கண்ணில் பட்டதில்லை. சிறுநீரைத்தான் சோதிப்போம். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சோதனைக் குழாயில் நீலநிற மருந்துநீரை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். சிறிது இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், மிகுந்துவிட்டால் செங்கல் நிறம். நிறத்தைக் கோடு போட்ட நோட்டில் எழுதிவிட்டு, கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சில் மருந்தை ஏற்றி நானே ஊசி போடுவேன். மருந்துக் குப்பி வெப்பத்தில் கெடாதிருக்க ஈரமணல் நிரப்பிய மண்பானையில் இருக்கும். வீட்டில் சர்க்கரை வைப்பதை நிறுத்திவிட்டேன். ரேஷனில் வருவதை அப்படியே பக்கத்துப் போர்ஷனுக்குக் கொடுத்துவிடுவோம்.

செங்கல் நிறம் வந்த நாளில் விசாரணை நடக்கும். முந்தின நாள் எங்கே போனாய், யார் வீட்டில் என்ன தின்றாய் என்று கேட்பேன். முதலில் இல்லையென்பாள். பிறகு, திருமுல்லைவாயிலில் ஒரு நிச்சயதார்த்தம், ஒரே ஒரு ஜாங்கிரி என்பாள். ஒன்றா என்று மறுபடியும் கேட்டால், "ஒண்ணுதான் எலையில, மத்தது கையில" என்று சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. அந்த ஆண்டுகளில் அவள் என்னிடம் உண்மை பேசுவதைக் காட்டிலும் அந்தச் சோதனைக் குழாய் பேசுவதையே நான் நம்பினேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் காண்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு நெடுநாளாய் இருந்த வயிற்றுப் புண் முற்றியது. உண்ட உணவு கீழே இறங்காமல் மாலையில் வாந்தியாக வந்தது. இரைப்பையின் வாய் புண்ணால் சுருங்கி அடைபட்டிருப்பதாக நகரத்து அரசு மருத்துவமனையில் கூறினர். இரைப்பையின் கீழ்ப்பாதியை அகற்றிவிட்டு, மேற்பாதியைச் சிறுகுடலில் சற்றுக் கீழே தள்ளி நேராக இணைத்துத் தைத்தனர். இனி வயிறு கைப்பிடியளவு, சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ண வேண்டும், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்க வேண்டும் என்றனர். வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியின் அளவைப் பாதியாகக் குறைத்து எழுதி, ஒரு வாரத்தில் நோயாளியை அழைத்து வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். நான் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்த நேரத்தில் ஒரு செவிலியர் என் மனைவியிடம் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். படபடப்பும் வியர்வையும் வந்தால் ஒரு வாய் சர்க்கரையைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னாராம்.

இரயிலில் திரும்பி வருகையில் அவள் அதை என்னிடம் சொன்னாள். நான் நம்பவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தின்னச் சொல்லும் செவிலியர் இருப்பாரா? பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறு நோயாளிக்குச் சொன்னதை இவள் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள் என்று முடிவு செய்தேன். ஜாங்கிரிக் கதைகள் என் நினைவில் இருந்தன.

வீடு வந்த முதல் வாரத்திலேயே குழாயில் நீலம் நின்றது. மறுநாளும் நீலம். அதன்பின் ஒருநாள்கூட நிறம் மாறவில்லை. மருந்துநீர் கெட்டுவிட்டதோ என்று ஐயுற்றுப் புதிய புட்டி வாங்கி, அதில் மருந்துக்கடைக் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துச் சோதித்தேன். செங்கல் நிறம் வந்தது. ஆகவே மருந்து நன்று, நீலமும் மெய். எட்டாண்டு என் கண்டிப்பு இறுதியில் பலன் தந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அறுவைச் சிகிச்சைக்கும் அந்நீலத்துக்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிற்றுக்குச் செய்தது வயிற்றுக்கு. சர்க்கரைக்கு நான் இருந்தேன்.

அவளை அழைத்துவரச் சொன்ன நாளில் நான் தனியே சென்றேன். தையல் ஆறாத உடம்பை இரயிலில் நசுக்கிக்கொண்டு போவானேன் என்று அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நோட்டை மருத்துவரிடம் கொடுத்தேன். அழகிய கையெழுத்தில் நீலம், நீலம், நீலம் என்று பக்கம் நிறைந்திருந்தது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். அடுத்தமுறை கட்டாயம் அழைத்து வரவேண்டும் என்றார். சரியென்று வந்தேன். அடுத்தமுறையும் நோட்டோடு தனியாகவே சென்றேன்.

அவள் நன்றாக இல்லை. இரண்டு மாதத்தில் இரவிக்கைகள் தோளில் நிற்காமல் நழுவின. வளையல் முழங்கைவரை ஏறிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் இளைத்தால் அதற்கு நல்ல காரணம் இருக்குமென்று எவரும் எண்ணுவதில்லை. தொழிற்சாலையில் உடன் வேலை செய்த ஒருவர் என் வீட்டுக்கு வந்து போனபின் கேட்டார்: "இன்னா அண்ணாத்தே, அண்ணி பாதியாயிட்டாங்க. ஆபரேசன்ல மீதிய ஆஸ்பத்திரிலயே உட்டுட்டு வந்துட்டியா?" நானும் அவரோடு சேர்ந்து நகைத்தேன். எடை குறைவது சர்க்கரை நோயாளிக்கு நன்மையென்று புத்தகத்தில் படித்ததை அவருக்கு விளக்கியும் சொன்னேன்.

காலையில் ஊசி போட்டு, அவள் அரை இட்லியை மென்றுகொண்டிருக்கும்போதே நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன். எஞ்சிய பகலில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் கண்டவன் அல்லன். விடுமுறை நாட்களில் மட்டுமே கண்டேன். பத்து மணிவாக்கில் கழுத்தும் நெற்றியும் வியர்க்கும். கை உதறும். பேச்சு குழறி, பிறகு காரணமின்றி எரிந்து விழுவாள். பலவீனம் என்று விசிறிவிட்டேன். என் நோட்டில் நிறத்துக்குக் கட்டம் இருந்தது, ஊசிக்குக் கட்டம் இருந்தது. வியர்வைக்கு இல்லை.

ஒரு விடுமுறை நாளில் அவள் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை வாங்கி வரச் சொன்னாள். நான் நின்றபடியே அவளுக்குப் புத்தி சொன்னேன். இத்தனை நாள் காத்த நீலத்தை ஒரு நொடி ஆசைக்காகக் கெடுக்கலாமா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "வாய் கேக்கலீங்க. ஒடம்பு கேக்குது" என்றாள்.

நான் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். உப்பு போட்ட மோர். அவள் அதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பின்பு கஞ்சி குடித்தபோது சிறிது தெளிந்தாள். அதை நான் மோரின் குணம் என்று எண்ணினேன்.

மூன்றாம் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவள் முதன்முறையாகத் தேவாலயத்துக்கு வந்த நாள். பிழைத்து எழுந்ததற்காக ஸ்தோத்திர காணிக்கை செலுத்த இருந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து. திருவிருந்தில் பங்குபெறும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்பது என் தகப்பனார் காலந்தொட்டு எங்கள் குடும்ப வழக்கம். சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சபையில் பலர் வீட்டில் இருந்ததுபோல எங்கள் வீட்டிலும் இருந்தது, அவ்வளவே. முன்பு அவள் உடம்பில் சர்க்கரை மிகுந்திருந்த ஆண்டுகளில், ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு பகல்வரை இருந்தும் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே அன்றும் ஆறு மணிக்கு ஊசி போட்டேன். நீலம் என்று எழுதினேன். இருவரும் உண்ணாமல் நடந்து சென்றோம். வழியில் அவள் இருமுறை நின்றாள். புதுச் செருப்பு என்றாள்.

ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் அமர்வோம். பிரசங்கம் நீண்டது. திருவிருந்துக்கு முன்வரிசையினர் எழுந்தபோது மணி பத்தரை இருக்கும். பீடத்தின் முன்னிருக்கும் கம்பித் தடுப்பின் எதிரே முழங்காற்படியிட்ட பெண்களில் அவளும் ஒருத்தி. ஆயர் அப்பத்தை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. தலை மெல்லக் கவிழ்ந்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தாள்.

நான் ஓடிச் சென்று பார்த்தபோது புடவை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத் தெரியவில்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. விசிறுங்கள் என்றனர் சிலர். தையல் பிரிந்துவிட்டதோ என்றனர் சிலர். நானும் அவ்வாறே அஞ்சினேன்.

எங்கள் சபையில் ஒரு விதவை மூதாட்டி இருந்தார். திருவிருந்துக்கான திராட்சரசத்தைச் சனிக்கிழமைதோறும் காய்ச்சுபவர் அவரே. உலர்திராட்சையோடு சர்க்கரை சேர்த்துப் பாகுபோல் இறக்குவார். அவர் என் மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்; என்னைப் பார்த்து, ஊசி போட்டுக்கொள்கிறவளா, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். திருவிருந்தன்று யார் சாப்பிடுவார் என்றேன். அவர் பீடத்தருகே பொருள்கள் வைக்கும் அறையான வெஸ்ட்ரிக்குள் சென்று, ஜெபித்து எடுத்தது போக மீதியிருந்த இரசப் புட்டியோடு வந்தார். விரலை அதில் தோய்த்து என் மனைவியின் வாய்க்குள் கொண்டுபோனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்தேன்.

"அம்மா, அவளுக்குச் சக்கர வியாதி. இதைக் குடுக்கக் கூடாது."

"கைய எடு நைனா," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "எங்க ஊட்டுக்காரரு இப்டித்தான் போனாரு. நான் பக்கத்துலயே குந்திகினு விசிறிகினு இருந்தேன்."

நான் கையை எடுத்தேன். அறிந்து எடுக்கவில்லை. அந்தக் குரலுக்கு என் கை தானாக விலகிற்று. அவர் விரல் விரலாகக் கன்னத்தின் உட்புறம் தடவினார். என் மனைவி அதைச் சப்பத் தொடங்கினாள். விழுங்குகிறாள் என்று கண்டபின் மூடியில் ஊற்றிச் சிறிது சிறிதாகப் புகட்டினார். ஆயர் அப்பத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டு நின்றுவிட்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கும். எனக்கு அது ஒரு முழு ஷிப்டு. அவள் கண்ணில் பார்வை திரும்பியது. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டை நக்கினாள், இனிப்பை உணர்ந்தாள். அவள் முகத்தில் அச்சம் வந்தது.

"நான் கேக்கலீங்க," என்றாள் என்னிடம். "அவங்களா குடுத்தாங்க."

சாவின் வாயிலிலிருந்து திரும்பியவள் முதலில் செய்தது என்னிடம் தன்னைக் குற்றமற்றவளென்று நிறுவ முயன்றது. அந்தச் சொற்களைக் கேட்டவர் பலர். அதன்பின் அந்தச் சபையில் பல ஆண்டுகள் நான் வேதபாடம் வாசித்திருக்கிறேன்; ஒருமுறையேனும் பெண்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்து வாசித்ததில்லை.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். இம்முறை நோட்டைக் கொண்டுபோகவில்லை. அவள்தான் நடந்ததையெல்லாம் சொன்னாள். மருத்துவர் இரத்தம் சோதித்துவிட்டு ஊசியை அன்றோடு நிறுத்தச் சொன்னார். நாள்தோறும் நீலம்தானே வந்தது என்று நான் மெல்லக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீலம்னா சக்கர அதிகம் இல்லன்னு மட்டுந்தாங்க அர்த்தம். ரத்தத்துல ரொம்பக் கொறஞ்சு போனாலும் நீலந்தான் வரும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாயிருந்தது. துளையை அளக்கும் எங்கள் கேஜுக்கு இரண்டு முனைகள் உண்டு. துளைக்குள் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. முதல் முனையை மட்டும் விட்டுப் பார்த்து உருப்படியைத் தேறியதாக வைத்த பரிசோதகன் ஒருவனை நானே மேற்பார்வையாளர் முன் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அரைகுறைச் சோதனை சோதனையே அன்று என்று அவனுக்கு உரையும் நிகழ்த்தியிருக்கிறேன். வீட்டில் எட்டாண்டு நான் வைத்திருந்த கேஜுக்கு ஒரு முனைதான். மறுமுனையாக அவள் இருந்தாள், ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை எங்கே போயிற்று என்று என் மனைவி மருத்துவரைக் கேட்டாள். வெளிநாடுகளில் மிகப் பருமனானவர்களுக்கு எடை குறைய இதைப் போன்றே இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் பாதையை மாற்றும் அறுவையைச் செய்கிறார்கள் என்றும், அவர்களில் பலருக்கு எடை குறையும் முன்பே, சில நாட்களுக்குள், சர்க்கரை இறங்கிவிடுவதாக மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள் என்றும் அவர் கூறினார். காரணம் தங்களுக்கே முழுமையாகத் தெரியவில்லை என்றார். அவளுக்குப் புண்ணுக்காகச் செய்தது இதற்கும் உதவிவிட்டது என்றும், என்றைக்காவது சர்க்கரை திரும்பவும் வரக்கூடும் என்றும் சொன்னார். அவர் சொன்னவாறே ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் சிறிதளவு திரும்பியது. அப்போது மாத்திரையே போதுமாயிருந்தது.

தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் வாயால் சொன்னதை அன்றுதான் முதலில் கேட்டேன். அது எனக்கு அவரிடம் மதிப்பைக் கூட்டியதே அன்றிக் குறைக்கவில்லை. அவ்வாறு சொல்ல நான் எந்தப் புத்தகத்திலும் கற்றிருக்கவில்லை.

வீடு திரும்பியபின் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலநாள் எண்ணினேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. எழுதிப் பார்த்தேன். எழுதியது மேடைப் பேச்சுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன். அவளோ பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ரேஷன் சர்க்கரையில் அரைக் கிலோவை மட்டும் கேட்டு வாங்கி, யார் கண்ணுக்கும் படும்படி அடுக்களை மாடத்தில் வைத்தாள். அதை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வந்தது. நான் குளித்து வேட்டி கட்டிச் செருப்பும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அடுக்களையில் ஆவி பறந்தது. அவள் தட்டில் இரண்டு இட்லியை வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள். திருவிருந்து நாளில் எங்கள் வீட்டு அடுப்பு அந்நேரத்தில் எரிந்ததை என் வாழ்நாளில் கண்டதில்லை. நான் நின்றுகொண்டிருந்ததை உணர்ந்து, தலை நிமிராமலே சொன்னாள்:

"துன்னுட்டுதான் வருவேன். ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரு. நீங்க கோச்சிக்கினா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒரு விள்ளலை வாயிலிட்டு மென்றாள். மருத்துவமனையில் சொல்லித் தந்தபடி கூழாகும்வரை மென்றாள். ஒரு விள்ளலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அன்றுதான் முழுமையாக இருந்து பார்த்தேன். அத்தனை நாளும் பாதியில் எழுந்து வேலைக்கு ஓடியவன் நான். முதல் மணி அடித்தது. அவள் இரண்டாம் இட்லியைத் தொடங்கியிருக்கவில்லை. ஆராதனை தொடங்குவதற்கான இரண்டாம் மணி அடித்தபோது தட்டில் முக்கால் இட்லி இருந்தது. முப்பது ஆண்டுகளில் அந்த மணிக்குப் பின் நான் தேவாலயத்துக்குள் நுழைந்ததில்லை.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மணி அடிச்சிட்டாங்க."

"அடிக்கட்டும். நீ மென்னு சாப்பிடு."

அவள் அடுத்த விள்ளலை எடுத்தாள்.